பஸ்ல தாங்குற மூலக்கூறு

எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேசுபவர், தென் மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியல் பேராசிரியர்.

இன்னைக்கு ஒரு மெஷின் வாங்கின கதையைச் சொல்லப்போறேன். சில கோடி ரூபாய் விலை. ஆள் உயரத்துக்கு மேல நிற்கும். உள்ளே மைனஸ் 269 டிகிரி குளிர். விண்ணப்பம் போட்டதிலிருந்து மெஷின் ஓட ஆரம்பிச்ச நாள் வரைக்கும் எங்களுக்கு அஞ்சு வருஷம் ஆச்சு.

"இதுல எங்களுக்கு என்ன?"ன்னு நீங்க கேட்கலாம். உங்கள்ல பலர் எம்.எஸ்சி. படிச்சுக்கிட்டிருப்பீங்க, இல்லைன்னா பி.எச்டி. சேரலாமான்னு யோசிச்சுக்கிட்டிருப்பீங்க. கெமிஸ்ட்ரி பக்கமே வராதவங்களும் கேட்கிறீங்கன்னு தெரியும். ஒரு லேப்ல மெஷின் இருக்கா இல்லையாங்கிறது அங்கே எந்த மாதிரி கேள்விகளைக் கேட்க முடியும்னு தீர்மானிச்சிடும். அதைத்தான் இன்னைக்குச் சொல்ல வர்றேன். மெஷினுக்கு முன்னாடி ஒரு தெர்மாகோல் பெட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தெர்மாகோல் பெட்டி

2017. என்கிட்ட பி.எச்டி. பண்ணிக்கிட்டிருந்த ஒரு மாணவி இமைன் வகையைச் சேர்ந்த ஒரு புது சேர்மத்தைத் தயாரிச்சாங்க. ஒரு ஆல்டிஹைடையும் ஒரு அமீனையும் சேர்த்தா, தண்ணீர் வெளியேறி இமைன் உருவாகும். காலேஜ் லேப்லயே செய்யற வினைதான். இதுல ஒரு சிக்கல் உண்டு. ஈரம் பட்டா சில இமைன்கள் திரும்ப உடைஞ்சு பழைய ஆல்டிஹைடாவும் அமீனாவும் ஆயிடும்.

ஒரு புது சேர்மத்தைச் செஞ்சேன்னு சொன்னா உலகம் நம்பாது. ஆதாரம் காட்டணும். கரிம வேதியியல்ல அந்த ஆதாரத்துக்குப் பேரு என்.எம்.ஆர். பாடப்புத்தகத்துல அணுக்கரு காந்த ஒத்ததிர்வுன்னு படிச்சிருப்பீங்க. ஹைட்ரஜனுக்கு ஒண்ணு, கார்பனுக்கு ஒண்ணுன்னு ரெண்டு நிறமாலையாவது இல்லாம புது சேர்மத்தைப் பற்றிய கட்டுரையை எந்த நல்ல ஜர்னலும் வாங்காது.

எங்க துறையில என்.எம்.ஆர். இல்லை. ஒரு யு.வி. கருவியும் ஒரு பழைய ஐ.ஆர். கருவியும் இருந்துச்சு. அதனால மாதிரியைச் சின்னக் குப்பியில போட்டு, மூடியைச் சுத்தி டேப் ஒட்டி, தெர்மாகோல் பெட்டியில ஐஸ் பேக்கோட வெச்சு, நைட் பஸ்ல சென்னைக்கு அனுப்புவோம். அங்கே ஒரு கருவி மையத்துல வரிசையில நிற்கும். ரெண்டு வாரமோ மூணு வாரமோ கழிச்சு ஈமெயில்ல ரிசல்ட் வரும்.

அந்த மாணவியோட ரிசல்ட் வந்துச்சு. இமைனுக்கு 8.4 பக்கத்துல வர வேண்டிய கோடு ரொம்பச் சின்னதா இருந்துச்சு. 10 பக்கத்துல ஆல்டிஹைடோட கோடு பெருசா நின்னுச்சு. அதாவது, ஆரம்பிச்ச பொருள்தான் பெரும்பாலும் இருக்கு, வினை சரியா நடக்கலைங்கிற மாதிரி.

"மேம், நம்ம ஐ.ஆர்.ல சரியாத்தானே வந்துச்சு"ன்னு கேட்டாங்க. நான் ஒத்துக்கலை. "என்.எம்.ஆர். சொல்றதுதான் முடிவு. இன்னும் நல்லா உலர்த்தி, திரும்பப் பண்ணு"ன்னு சொன்னேன். திரும்பப் பண்ணாங்க. திரும்ப பஸ், திரும்ப வரிசை, திரும்ப அதே 10. இப்படி மூணு தடவை. நாலு மாசம் போச்சு. கடைசியில அந்தச் சேர்மத்தையே விட்டுட்டு வேற பக்கம் போயிட்டோம். அவங்க தீசிஸ்ல அது இல்லவே இல்லை.

சென்னை மையத்து மேல எந்தத் தப்பும் இல்லை. வந்த மாதிரியை ஒழுங்கா அளந்து கொடுத்தாங்க. 1970-கள்ல மத்திய அரசோட அறிவியல் தொழில்நுட்பத் துறை தொடங்கின வட்டாரக் கருவி மையங்கள், இப்போ 'சைஃப்'னு சொல்றோமே, அதெல்லாம் இல்லைன்னா எங்களை மாதிரி ஆயிரக்கணக்கான பேர் பி.எச்டி.யே முடிச்சிருக்க மாட்டோம்.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் எங்க துறையை நான் வேற கண்ணால பார்க்க ஆரம்பிச்சேன். யார் என்ன செய்யறாங்க? எல்லாருமே வெள்ளையா, பொடியா, மாசக்கணக்குல கெடாத பொருள்களைத்தான் செஞ்சுக்கிட்டிருந்தாங்க. இப்படின்னு யாரும் முடிவு பண்ணலை. அதுவா அமைஞ்சுபோச்சு. ஒரு இரவுப் பயணத்தையும் மூணு வாரக் காத்திருப்பையும் தாங்குற மூலக்கூறுதான் எங்க ஆராய்ச்சித் தலைப்பு. எங்க சிலபஸை யுனிவர்சிட்டி எழுதுச்சு, எங்க ஆராய்ச்சியை பஸ் எழுதுச்சு.

உள்ளே என்ன இருக்கு?

மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிடறேன். ஹைட்ரஜன் அணுவோட கரு ஒரு குட்டிக் காந்தம் மாதிரி. அதை ஒரு பெரிய காந்தப் புலத்துக்குள்ள வெச்சு, ரேடியோ அலையால தட்டினா, அது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ல பதில் சொல்லும். பக்கத்துல ஆக்ஸிஜன் இருந்தா ஒரு மாதிரி, கார்பன் இருந்தா வேற மாதிரி. அந்தப் பதில்களைப் படிச்சு மூலக்கூறோட வடிவத்தைக் கண்டுபிடிக்கிறோம். இந்த ஒத்ததிர்வைப் பொருள்கள்ல அளந்து காட்டின பிளாக், பர்செல் ரெண்டு பேருக்கும் 1952-ல இயற்பியல் நோபல் கிடைச்சது. இந்தியாவும் இதுல பின்தங்கலை. 1951-லயே பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யில சூர்யன்ங்கிற விஞ்ஞானி, ஓடுற திரவத்துல என்.எம்.ஆர். அளந்து கட்டுரை எழுதியிருக்கார்.

இதுக்குக் காந்தம் ரொம்ப வலுவா இருக்கணும், துளிகூட ஆடக் கூடாது. எங்க மெஷின் 400 மெகாஹெர்ட்ஸ், அதாவது 9.4 டெஸ்லா. அந்த வலுவுக்கு மீக்கடத்திக் கம்பிச்சுருள் வேணும். அது மைனஸ் 269 டிகிரியில, திரவ ஹீலியத்துல முங்கியிருக்கணும். ஹீலியம் சீக்கிரம் ஆவியாகாம இருக்க, அதைச் சுத்தி மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன். பெரிய ஃபிளாஸ்க்குக்குள்ள இன்னொரு ஃபிளாஸ்க்னு வெச்சுக்கோங்க. ஒரு தடவை மின்னோட்டத்தை ஏத்திட்டா, கரண்ட் கனெக்‌ஷனே இல்லாம அது வருஷக்கணக்குல சுத்திக்கிட்டே இருக்கும். குளிர் மட்டும் விடாம இருக்கணும். அதுக்கு வாரம், பத்து நாளைக்கு ஒரு தடவை நைட்ரஜனும் சில மாசத்துக்கு ஒரு தடவை ஹீலியமும் ஊத்தணும். லீவு நாள், தீபாவளி, கொரோனா எதுவும் அதுக்குத் தெரியாது.

ஹீலியம்னு சொன்னதும் ஒரு கிளைக்கதை. 1868 ஆகஸ்ட் 18, முழு சூரிய கிரகணம். அப்போ சென்னை மாகாணத்துல இருந்த குண்டூர்ல பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் நிறமாலைக் கருவியோட காத்திருந்தார். மசூலிப்பட்டினத்துல சென்னை வானாய்வகத்தைச் சேர்ந்த போக்சன். சூரியனோட விளிம்புல ஒரு மஞ்சள் கோடு தெரிஞ்சது. அது சோடியத்தோட கோடு இல்லைன்னு அப்புறம் தெளிவாச்சு. இங்கிலாந்துல லாக்யர் அதைப் பூமியில தெரியாத ஒரு தனிமம்னு சொன்னார். சூரியனுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து ஹீலியம்னு பேர் வந்துச்சு. 1895-லதான் ராம்சே அதைப் பூமியில பிரிச்செடுத்தார். நம்ம ஊர்ல நின்னு ஸ்பெக்ட்ரோஸ்கோப்ல பார்த்த பொருள். இன்னைக்கு நம்ம ஸ்பெக்ட்ரோமீட்டரை ஓட்ட அதைக் கப்பல்ல வரவழைக்கிறோம். கத்தார்ல தடை வந்தாலோ ரஷ்யாவுல ஒரு ஆலை எரிஞ்சாலோ எங்க லேப்ல அது தெரியும்.

ஆறாவது வருஷம் யார் ஊத்துவாங்க?

2018-ல முதல் விண்ணப்பம் போட்டோம். நிபுணர் குழு முன்னாடி நான் பேசணும். அழகா ஸ்லைடு பண்ணியிருந்தேன். எங்க கட்டுரைகள், எங்க மாணவர்கள், எங்க கனவு எல்லாம் சொல்லி முடிச்சேன். ஒரு மூத்த பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நாங்க கொடுக்கிற பணம் அஞ்சு வருஷத்துக்கு. ஆறாவது வருஷம் ஹீலியம் யார் ஊத்துவாங்க?"

என்கிட்ட பதில் இல்லை. "யுனிவர்சிட்டி பார்த்துக்கும் சார்"னு சொன்னேன். அவர் சிரிச்சார். அந்தத் தடவை கிடைக்கலை.

எனக்குக் கோபம் வந்துச்சு. அப்புறம் மூணு, நாலு இடங்களுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு கல்லூரியில ஹீலியம் வாங்கப் பணம் இல்லாம காந்தம் சூடாகி நின்னுபோச்சு. இப்போ அது அறையில ஒரு பெரிய வெள்ளித் தூண். இன்னொரு இடத்துல மெஷின் நல்லா இருக்கு, ஓட்டத் தெரிஞ்சவர் ரிட்டையர் ஆகிட்டார். ரிட்டையர் ஆனவரையே கெஞ்சிக் கூட்டிட்டு வர்றாங்க. வேற ஒரு இடத்துல, மெஷினைச் செஞ்ச கம்பெனியே அந்தத் தொழிலை விட்டுட்டுப் போயிருந்தது. வேரியன்னு ஒரு பழைய, பெரிய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. அதை 2010-ல அஜிலன்ட் வாங்குச்சு, 2014-ல என்.எம்.ஆர். தொழிலையே மூடறதா அறிவிச்சது. உலகம் முழுக்க அந்த மெஷின் வெச்சிருந்தவங்க ஸ்பேர் பார்ட்ஸ் தேடி அலைஞ்சாங்க.

ஊருக்குத் திரும்பி வந்து முதல் வேலையா ஒரு நோட்டு போட்டேன். துறையில யார் எங்கே எந்த மாதிரியை அனுப்பினாலும் அதுல எழுதணும். என்ன பொருள், என்ன அளவீடு, எவ்வளவு கட்டணம், எத்தனை நாள் காத்திருந்தோம். ஆறு மாசம் எழுதினோம்.

அந்த நோட்டு ரெண்டு விஷயத்தைத் தீர்த்து வெச்சது. ஒண்ணு, 500 மெகாஹெர்ட்ஸா 400-ஆ என்கிற சண்டை. பக்கத்து ஊர்ல 500 இருக்கு, நமக்கும் 500 வேணும்னு பாதிப் பேர். நோட்டைப் பார்த்தா, பத்துல ஒன்பது மாதிரிக்கு சாதாரண ஹைட்ரஜனும் கார்பனும்தான். அதுக்கு 400 தாராளம். ஹீலியம் தேவையில்லாத, மேசை மேல வைக்கிற 60, 80 மெகாஹெர்ட்ஸ் சின்னக் கருவியையும் யோசிச்சோம். எங்க மூலக்கூறுகள்ல கோடுகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும், பிரிச்சுப் பார்க்க முடியாது. அதனால வேண்டாம்னு வெச்சோம். ஆனா படிப்பிக்க மட்டும்னா அது ரொம்ப நல்ல கருவி.

ரெண்டாவது, ஆறாவது வருஷக் கேள்வி. வெளியே அனுப்ப நாங்க கட்டுற கட்டணம், பக்கத்துக் கல்லூரிகள் கட்டுற கட்டணம் எல்லாத்தையும் கூட்டினா ஹீலியம், நைட்ரஜன் செலவுல பெரும்பகுதி வந்துடும்னு காட்ட முடிஞ்சது. மீதிக்கு வருஷா வருஷம் பட்ஜெட்ல தனித் தலைப்பு ஒதுக்கறோம்னு சிண்டிகேட்ல தீர்மானம் வாங்கினோம். அடுத்த தடவை போனப்போ சயின்ஸ் ஸ்லைடு அஞ்சுதான். நோட்டோட பக்கங்கள் ஏழு. 2021 தொடக்கத்துல சாங்ஷன் வந்துச்சு.

டெண்டர்ங்கிற இலக்கியம்

பணம் கிடைச்சா கடைக்குப் போய் வாங்கிடலாம்னு நினைப்பீங்க. மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 1998-ஆம் வருஷத்து டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கு. மத்திய அரசுப் பணம்னா 2017-ஆம் வருஷப் பொது நிதி விதிகள் இருக்கு. தொழில்நுட்பக் கவர் ஒண்ணு, விலைக் கவர் ஒண்ணு. தொழில்நுட்பத்துல தேறினவங்கள்ல யார் குறைஞ்ச விலையோ, அவங்கதான் எல்-1. அவங்ககிட்டதான் வாங்கணும்.

இதுல ஸ்பெசிஃபிகேஷன் எழுதறது ஒரு கலை. ஒரு கம்பெனியோட பிரவுச்சரைப் பார்த்து அப்படியே காப்பி அடிச்சா, அந்தக் கம்பெனி மட்டும்தான் தேறும். மத்தவங்க புகார் போடுவாங்க, டெண்டர் ரத்து. பொத்தாம்பொதுவா எழுதினா, விலை குறைஞ்சது வரும். வந்து இறங்கின அப்புறம், "மேடம், இந்த பாகம் நீங்க கேட்கவே இல்லையே"ன்னு சொல்வாங்க. நாங்க முதல் தடவை எழுதினதுல ஒரே ஒரு எண் ஒரு பிரவுச்சரோடது. புகார் வந்துச்சு. நியாயமான புகார். திரும்ப எழுதினோம். ஆறு மாசம் காலி.

ரெண்டாவது தடவை மெஷின் என்ன செய்யணும்கிறதை மட்டும் எழுதினோம். இந்த மாதிரிக்கு இத்தனை நிமிஷத்துல இவ்வளவு தெளிவு. ஒரு தடவை ஹீலியம் நிரப்பினா குறைஞ்சது இத்தனை நாள் தாங்கணும். வாரன்டி முடிஞ்ச பிறகு அஞ்சு வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு, அதான் ஏ.எம்.சி., என்ன ரேட்டுன்னு இப்பவே விலைக் கவர்ல எழுதித் தரணும். இந்தக் கடைசி வரியை மட்டும் மறக்காதீங்க. ஒரு நாள் நீங்களும் ஏதாவது வாங்குவீங்க.

இன்னொரு முட்டுக்கட்டையும் இருந்துச்சு. 2020 மே மாசம், 200 கோடிக்குக் குறைவான கொள்முதலுக்கு குளோபல் டெண்டர் கூடாதுன்னு விதி வந்துச்சு. உள்நாட்டுத் தொழிலை வளர்க்கணும்கிற நோக்கம் புரியுது. ஆனா இந்த மாதிரி மீக்கடத்திக் காந்தம் போட்ட மெஷினைச் செய்யறதே உலகத்துல விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகள்தான். அதனால விதிவிலக்குக்கும் விளக்கத்துக்கும் ஃபைல் மேலே போய் மேலே போய் வந்துச்சு. இப்போ 2025 ஜூன்ல மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனங்களோட இயக்குநர்கள், துணைவேந்தர்கள் கையிலயே அந்த அனுமதி அதிகாரத்தைக் கொடுத்திருக்காங்க. நல்ல மாற்றம். எங்களுக்குக் கொஞ்சம் லேட்டு.

13 லட்சம்

இப்போ நான் சொல்லப்போறது எனக்கு இன்னும் உறுத்துற விஷயம்.

பொதுப் பணத்துல இயங்கற ஆராய்ச்சி நிறுவனங்கள் அறிவியல் கருவி வாங்கினா ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான்னு ஒரு சலுகை இருந்துச்சு. எங்க சாங்ஷன், எங்க ஆர்டர் எல்லாம் அந்தக் கணக்குல போட்டது. 2022 ஜூலை 18-ல அந்தச் சலுகை போயிடுச்சு. கருவிகளுக்கு வழக்கமான வரி, பெரும்பாலும் 18 சதவீதம். எங்களுக்கு பில் அதுக்கு அப்புறம்தான் வரணும். வித்தியாசம் 13 சதவீதம். ஒவ்வொரு கோடிக்கும் 13 லட்சம். கொடுத்தவங்ககிட்ட கேட்டோம், கூடுதல் பணம் இல்லைன்னாங்க. யுனிவர்சிட்டியிலயும் கேட்டோம், அங்கேயும் அதே பதில்.

அப்போ ஆர்டர்லேர்ந்து எதையாவது எடுக்கணும். எடுக்கக்கூடியது ரெண்டே ரெண்டு. ஒண்ணு அந்த அஞ்சு வருஷ ஏ.எம்.சி. இன்னொண்ணு, கரையாத திடப்பொருள்களை அளக்கறதுக்கான தனி புரோபும் அதோட இணைப்புகளும். எங்க துறையில ஒரு இளம் பேராசிரியர் வினையூக்கிகள்ல வேலை செஞ்சார். அவரோட பொருள் எதுலயும் கரையாது. அந்த புரோபை நம்பித்தான் அவர் ப்ராஜெக்ட் எழுதினார். ஸ்பெசிஃபிகேஷன் எழுத ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் என்கூட உட்கார்ந்தவரும் அவர்தான்.

நான் புரோபை எடுத்தேன். ஏ.எம்.சி.யை வெச்சுக்கிட்டேன்.

மீட்டிங்ல அவர் எதுவும் பேசலை. வெளியே வந்து, "மேடம், நீங்க சொல்றது புரியுது. ஆனா இனிமே நான் இங்கே என்ன செய்யறது?"ன்னு கேட்டார். ஒரு வருஷத்துல வேற நிறுவனத்துக்குப் போயிட்டார். நல்லா இருக்கார். கான்ஃபரன்ஸ்ல பார்த்தா பேசுவார்.

நான் பண்ணது சரியா? போன வருஷம் எங்க மெஷின்ல ஒரு போர்டு போச்சு. ஏ.எம்.சி. இருந்ததால பத்து நாள்ல வந்து மாத்தினாங்க. அது இல்லைன்னா இன்னொரு வெள்ளித் தூண்தான். அந்தக் கணக்குப்படி சரி. ஆனா பஸ்ல தாங்காத மூலக்கூறுகளுக்காக வாங்கின மெஷின், கரையாத மூலக்கூறுகளை வெளியே அனுப்பிடுச்சு. இதை எந்தக் கணக்குல எழுதறதுன்னு எனக்கு இன்னும் தெரியலை.

மஞ்சள் கோடு

அறை கட்டின கதையைச் சுருக்கமாச் சொல்றேன். தரைத்தளம் வேணும். லிஃப்ட் பக்கத்துல கூடாது, ஓடுற இரும்பு காந்தப் புலத்தைக் கலைக்கும். ஹீலியம் ஊத்தற நீளமான குழாயை மேலேயிருந்து இறக்கணும், அதனால கூரை உயரமா இருக்கணும். காந்தம் திடீர்னு சூடானா உள்ளே இருக்கிற ஹீலியம் மொத்தமும் கொதிச்சு வெளியேறும். ஒரு லிட்டர் திரவம் 700 லிட்டருக்கு மேல வாயுவாகும். மூடின அறையில மூச்சுவிடக் காத்து இருக்காது. அதனால வெளியே போக வழியும் ஆக்ஸிஜன் அளக்கிற அலாரமும் கட்டாயம். ஜன்னலோட சுவரை இடிச்சுத்தான் மெஷினை உள்ளே கொண்டு போனோம். பெட்டி வந்த நேரம் 2022, உலகம் முழுக்க ஹீலியத் தட்டுப்பாடு. ரெண்டு மாசம் காந்தம் காலியா, சூடா நின்னுச்சு. நாங்க தினமும் போய்ப் பார்த்துட்டு வருவோம்.

தரையில ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கோம். இதயத்துல பேஸ்மேக்கர் வெச்சவங்க அதைத் தாண்டக் கூடாது. எங்க ஃபைலை மூணு வருஷம் சுமந்தவர் செக்‌ஷன் சூப்பிரண்டென்ட். ஒவ்வொரு ஆட்சேபனைக்கும் எப்படிப் பதில் எழுதணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவருக்கு பேஸ்மேக்கர் உண்டு. தொடக்க விழா அன்னைக்கு வி.ஐ.பி. எல்லாரும் உள்ளே நின்னு ஃபோட்டோ எடுத்தாங்க. அவர் கோட்டுக்கு வெளியே நின்னுக்கிட்டு, "அதுதானா மேடம்?"னு கேட்டார். ஆமா சார், அதுதான்.

8.4

2023 ஜனவரியில மெஷின் ஓட ஆரம்பிச்சது. அந்த மாணவி அப்போ தீசிஸ் முடிச்சு, ஹைதராபாத்ல ஒரு மருந்துக் கம்பெனியில வேலையில இருந்தாங்க.

புதுசா சேர்ந்த ஒரு பையன்கிட்ட அவங்க பழைய நோட்டைக் கொடுத்து, அந்த இமைனைத் திரும்பச் செய்யச் சொன்னேன். அவங்க எழுதினபடியே, ஒரு எழுத்து மாத்தாம. செஞ்சு, உலர்த்தி, பத்து நிமிஷத்துல மெஷினுக்குள்ள போட்டோம். 8.4-ல ஒரே ஒரு சுத்தமான கோடு. 10-ல ஒண்ணுமே இல்லை.

அப்புறம் அதே டியூபை உள்ளேயே விட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அளந்தோம். 8.4 கொஞ்சம் கொஞ்சமா இறங்குது, 10 கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. துளி ஈரம் போதும், அது உடையுது. சாயங்காலத்துக்குள்ள பாதி போயிடுச்சு. நாலு மாசம், மூணு தடவை, அவங்க ஒவ்வொரு தடவையும் சரியாத்தான் செஞ்சிருக்காங்க. உடைஞ்சது பஸ்லயும் வரிசையிலயும். "ஐ.ஆர்.ல சரியாத்தானே வந்துச்சு"ன்னு அவங்க கேட்டப்போ, நம்பியிருக்க வேண்டியது நான்.

ரெண்டு நிறமாலையையும் வாட்ஸ்ஆப்ல அனுப்பி, "நீ பண்ணது சரி. நான்தான் தப்பு"ன்னு எழுதினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம், "எவ்வளவு நேரத்துல உடையுது மேம்?"னு ஒரு கேள்வி வந்துச்சு. கெமிஸ்ட்! அந்தக் கேள்விதான் இப்போ அந்தப் பையனோட பி.எச்டி. தலைப்பு.

சனிக்கிழமை

இதோட முடிச்சா நல்லா இருக்கும். ஆனா இன்னொண்ணு இருக்கு. மெஷின் வந்த மூணாவது மாசம் லேப் வாசல்ல ஒரு தெர்மாகோல் பெட்டி இருந்துச்சு. பக்கத்து மாவட்டக் கல்லூரியிலேர்ந்து பஸ்ல வந்தது. ஐஸ் பேக் உருகி, லேபிள் நனைஞ்சிருந்துச்சு. எங்ககிட்ட வரிசை ரெண்டு வாரம். அவங்களுக்கு இப்போ நாங்கதான் சென்னை.

அதனால சனிக்கிழமையை ஒதுக்கினோம். அன்னைக்கு எந்தக் கல்லூரி மாணவரும் மாதிரியோட நேர்ல வரலாம். முடியலைன்னா ஆரம்பப் பொருள்களோட வாங்க, எங்க லேப்ல செஞ்சு உடனே அளக்கலாம். பக்கத்துல உட்கார்ந்து பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். மெஷினை ஓட்டறவர் இன்னும் ஒப்பந்தச் சம்பளத்துலதான் இருக்கார். நிரந்தரப் பணியிடம் கேட்டு ஃபைல் போயிருக்கு. இந்த ஃபைல் எத்தனை வருஷம்னு பார்ப்போம். சூப்பிரண்டென்ட் சாரும் ரிட்டையர் ஆயிட்டார்.

கடைசியா, எங்கேயாவது ஆராய்ச்சிக்குச் சேரப்போறவங்களுக்கு. இன்டர்வியூல "உங்ககிட்ட என்.எம்.ஆர். இருக்கா?"ன்னு கேட்காதீங்க. எல்லாரும் இருக்குன்னுதான் சொல்வாங்க. "கடைசியா எப்போ ஹீலியம் ஊத்தினீங்க? ஓட்டறது யாரு? நான் செஞ்ச அன்னைக்கே என் மாதிரியைப் போட முடியுமா?"ன்னு கேளுங்க. 2020-லேர்ந்து ஐ-ஸ்டெம்னு ஒரு தேசியத் தளம் இருக்கு. எந்தக் கருவி எங்கே இருக்கு, வெளியாட்களுக்குக் கொடுப்பாங்களான்னு அதுல தேடலாம். பல தடவை உங்களுக்கு வேண்டிய மெஷின் பக்கத்து ஊர்லயே சும்மா இருக்கும்.

வழிகாட்டியா இருக்கிறவங்களுக்கும் ஒண்ணு. மாணவர், "இங்கே சரியா வந்துச்சே"ன்னு சொன்னா, மாதிரி எத்தனை மணி நேரம் பஸ்ல இருந்துச்சுன்னு முதல்ல கேளுங்க. நான் கேட்கலை.

சனிக்கிழமை வாங்க.